இடப்பக்கத்து நாலு ஸ்க்ரூ

வெயிலுகந்தம்மாள் என்ற பெயரை முழுதாகச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டறையில் எல்லாருக்கும் அவள் வெயிலு. கோபம் வந்தால் முதலாளிக்கு மட்டும் 'ஏட்டி ஆட்டுக்காரி'. கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஆறுமுகசாமி அண்ணாச்சியின் பட்டறை இருந்தது. அதற்கு எதிர்த்தாற்போல் என் சைக்கிள் கடை, ஊருக்கு அது பாய் கடை. கடை இருந்த இடமும் அவருடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயிலுக்குப் பசுவந்தனை. ஆடு மேய்க்கிற குடும்பம். பத்தொன்பது வயதில் கோவில்பட்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கண்ணுசாமி நூல் மில்லில் பஞ்சுப் பொதி தூக்குகிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷன், அவ்வளவுதான். பிள்ளை இல்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே வேலை குறைந்ததும் தொண்ணூற்று மூன்றில் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள், இரும்புச் சீவல் கூட்டி அள்ள.

ஆறுமுகசாமியின் பட்டறையில் தீப்பெட்டி மிஷின்களுக்கு உதிரி பாகம் செய்வார்கள். துளை போடுகிற ஆள் மஞ்சள்காமாலையில் படுத்த ஒரு வாரம், வேலை தேங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இவள் ட்ரில்லிங் மிஷினைப் போட்டு, கிடந்த தகடுகள் முழுவதிலும் துளை போட்டு அடுக்கி வைத்துவிட்டாள். ஒன்றுகூடக் கோணவில்லை. ஆறுமுகசாமி ஒவ்வொன்றாக எடுத்து ஆணியைச் செருகிப் பார்த்தார். பாராட்டவில்லை. "நாளையில இருந்து கூட்டிட்டு வந்து இதையும் பாரு" என்றார். எட்டு வருஷம் அவள் இரண்டையும் பார்த்தாள்.

அவளுக்குக் காதால் வேலை தெரியும். துளை போடுகிற பிட் சூடாகிறதா, முனை மழுங்கிவிட்டதா, அடியில் தகடு முடியப்போகிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மரை போடுவதும் அவள்தான். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று நிதானமாகப் போவாள். அவள் கையில் மரை வெட்டுகிற டேப் முறிந்து நான் பார்த்ததில்லை. கூட வேலை பார்த்த ஆண்களுக்கு அது ஆகவில்லை. சுடச்சுட வந்து விழுகிற இரும்புச் சுருளை அள்ளி அவள் செருப்புக்குள் போட்டு வைப்பார்கள். அவள் செருப்பைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போவாள். ஒருமுறை அவள் தூக்குச்சட்டியில் கழிவு ஆயிலை ஊற்றி வைத்தார்கள். அன்றைக்கு என் கடைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாயிரத்து ஒன்று, மாசி மாதம். ஒரு சனிக்கிழமை காலையில் பட்டறை வாசலில் லாரி வந்து நின்றது. பின்னால் பத்தடி வெளியே நீட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு அலுமினியக் கம்பம். முப்பத்து நாலு அடி நீளம். ஊர்க்காரர்கள் எந்தக் கட்சிக் கொடிமரம் என்று கேட்டுக்கொண்டு கூடிவிட்டார்கள். அது பாய்மரம். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்த யோகராஜ் என்பவர், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதைக் கடலில் விடுகிற விழா. பெரிய மனிதர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். பாய்மரத்தில் கயிறு கட்டுகிற இரும்பு இரண்டும் துருவேறிப் பிய்ந்துபோயிருந்தன. தூத்துக்குடிப் பட்டறைகளில் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். உப்பளத்துப் பம்புக்கு முன்பே வேலை செய்துகொடுத்த பழக்கத்தில் ஆறுமுகசாமி, "ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன், அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

யோகராஜும் அவருடைய படகுக்காரரும் காரில் பின்னாலேயே வந்து இறங்கினார்கள். யோகராஜ் ஒரு பையிலிருந்து பளபளவென்று இரண்டு சாமான்களை எடுத்துப் போட்டார். நடுவில் அடிக்கட்டை, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கொம்பு.

"இதுக்குப் பேரு கிளீட். பாய ஏத்துற கயித்த இதுல எட்டுப் போட்டாப்ல சுத்திக் கட்டணும். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. ஒண்ணு பெரிய பாய்க்கி, ஒண்ணு முன்பாய்க்கி."

வெயிலு அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "வெள்ளாட்டுக் கொம்பு கணக்கா இருக்கு" என்றாள். பட்டறையில் அன்று முழுக்க அதற்குக் கொம்பு என்றே பெயர் ஆகிவிட்டது.

கம்பத்தை முக்காலிகளின் மேல் கிடத்தினார்கள். அவள் பழைய துளைகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இது நேரா இல்லாம கொஞ்சம் சாய்ஞ்சாப்ல இருக்கே, ஏன்?"

படகுக்காரர் வயதானவர். யாரும் தன்னிடம் எதுவும் கேட்காத சலிப்பில் இருந்தவர் போலிருக்கிறது. அவளுக்கு உட்கார்ந்து விளக்கினார். கயிறு வருகிற திசைக்கு நேராக வைத்தால் கயிறு தன்மேல் தானே ஏறி இறுகிப்போகும், அவசரத்துக்கு அவிழ்க்க வராது. அதனால் கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டால் உப்புக்காற்றில் அரித்துப்போகும், நடுவில் ரப்பர் வேண்டும். அவள் நேராக என் கடைக்கு வந்து பழைய டியூபில் இரண்டு துண்டு கேட்டு வாங்கிப் போனாள். கொம்பின் அடியை அதன்மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரித்து, துளையும் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் கம்பத்தின் அடிப்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சணல் நூல் இரண்டு ஓடியது. கயிற்றை உருவி எடுத்துவிட்டு, திரும்பக் கோப்பதற்காக விட்டிருந்த நூல்.

"கயிறு உள்ளுக்குள்ளயா ஓடும்?"

"ஆமா தாயி. உச்சிக் கப்பியில இருந்து உள்ளுக்குள்ள எறங்கி, அடியில இருக்க சக்கரத்தச் சுத்தி வெளிய வந்து, மேல ஏறி இந்தக் கொம்புல கட்டும்."

அவள் ஸ்க்ரூ ஒன்றை எடுத்து விரலால் அளந்தாள். ஒன்றரை அங்குலம். கொம்பின் அடி அரை அங்குலம், கம்பத்தின் தகடு அரிசி கனம். மீதி எல்லாம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கயிறு ஓடுகிற இடத்தில், கூர்மையாக. அவள் ஆறுமுகசாமியிடம் போய்ச் சொன்னாள்.

"மொதலாளி, இந்த ஸ்க்ரூவ வெட்டி மொனையில அரம் போடணும். இல்லன்னா உள்ள கயித்த அறுத்துப்புடும்."

"எட்டு ஸ்க்ரூவையும் வெட்டி, அரம் போட்டு, என்னைக்கு முடிக்கப் போற? லாரி ரெண்டு மணிக்கிக் கெளம்பணும்."

"இது எஃகுல்லா, கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும். மத்தியானம் சாப்பிடாமப் பாத்துருதேன்."

"மாட்டுன்னு சொன்னா மாட்டு. ஆட்டுக்காரி எனக்குத் தொழில் சொல்லித் தரவேண்டாம்."

இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யோகராஜைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். படகுக்காரரும் கூடப் போய்விட்டார்.

அவர்கள் போனதும் வெயிலு ரோட்டைத் தாண்டி வந்தாள். "பாய், ஒங்கட்ட பிளேடு கெடக்கா?" கொடுத்தேன். பட்டறை வாசலில் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தாள். எஃகு சீக்கிரம் அறுபடாது. ஒவ்வொரு ஸ்க்ரூவாக அறுத்து, அரம் தேய்த்து, நாக்கில் வைத்துப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தாள். நாலு முடித்து, வலப்பக்கத்துக் கொம்பை மாட்டி முடுக்கிவிட்டாள். ஐந்தாவதில் பிளேடு வைத்தபோது ஆறுமுகசாமி வந்துவிட்டார். பிளேடைப் பிடுங்கி, கால்முட்டியில் வைத்து இரண்டாக ஒடித்து, ரோட்டைத் தாண்டி என் கடையைப் பார்த்து வீசினார்.

"யாரு குடுத்தான்னு தெரியும்லே!" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவளிடம் திரும்பி, "அஞ்சு நிமிஷத்துல இந்தப் பக்கம் மாட்டணும். இல்ல, ஒன் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு இப்பமே நட" என்றார்.

கண்ணுசாமிக்கு அப்போது மில்லில் வேலை நின்று ஏழு மாதம். இடப்பக்கத்துக் கொம்பை அவள் முழு ஸ்க்ரூவோடு மாட்டினாள்.

அடுத்த நாள் விழாவுக்கு ஆறுமுகசாமி அவளையும் கூட்டிப்போனார். அங்கே ஏதாவது தளர்ந்தால் முடுக்க ஆள் வேண்டும். என்னையும் வரச் சொன்னார். யோகராஜிடம் ஒரு ரப்பர் படகும் இருந்தது, காற்று அடிக்கவேண்டும். நான் பம்பை எடுத்துக்கொண்டு ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே வெயிலு, சேலைக்கு மேல் கண்ணுசாமியின் முழுக்கைச் சட்டை.

"சொன்னியா, யோகராஜ் அண்ணாச்சிட்ட?" என்று கேட்டேன்.

"அவிய கூடவே மொதலாளி நிக்காரு. எறங்குனதும் சொல்லணும்."

தூத்துக்குடிக்குத் தெற்கே, தனியாருக்குச் சொந்தமான சின்னப் படகுத்துறை. பாய்மரத்தைக் கிரேன் வைத்து முந்தின நாள் சாயந்திரமே நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து பத்துப் பதினைந்து தடவை பாயை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய கயிறு. ஒன்பது மணிக்கு உச்சிக் கப்பி ஒன்றின் ஊசி கழன்று முன்பாய் பாதியில் நின்றுபோனது. யாராவது மேலே போய் மாட்டவேண்டும். விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"எடை கொறஞ்ச ஆளா வேணும்" என்றார் யோகராஜ்.

ஆறுமுகசாமி உடனே சொன்னார், "நம்ம வெயிலு நாப்பது கிலோ தேறமாட்டா. கை வேலையும் சுத்தம்."

ஒரு பலகையில் உட்காரவைத்து, அதைப் பெரிய பாயின் கயிற்றில் கட்டினார்கள். அது இடப்பக்கத்துக் கயிறு. கயிறு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தது யோகராஜ், ஆறுமுகசாமி, நான்.

"அண்ணாச்சி, இந்தக் கயிறு வேண்டாம். இந்தப் பக்கம் ஸ்க்ரூ வெட்டல. உள்ள நீட்டிக்கிட்டு நிக்கி. கயித்த அறுத்துப்புடும். வலது பக்கக் கயித்துல கட்டச் சொல்லுங்க."

யோகராஜ் ஆறுமுகசாமியைப் பார்த்தார்.

"எல்லாம் வெட்டியாச்சு, அண்ணாச்சி. நான் நின்னு பாத்தேன்" என்றார் ஆறுமுகசாமி. "இவளுக்கு ஒசரம்னா பயம். அதான் என்னத்தையாவது சொல்லுதா."

"வலது பக்கக் கப்பிதானம்மா கழண்டு கெடக்கு. அந்தக் கயித்துல எப்படி ஏத்த?" என்றார் யோகராஜ். அவர் முகத்தில் ஒரு கணம் யோசனை ஓடியது உண்மை. அப்போது ஒரு கார் வந்து நின்றது. "சீக்கிரம் ஏத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கார்ப் பக்கம் நடந்தார்.

வெயிலு என்னைப் பார்த்தாள். நான் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பத்துக்குள் கரகரவென்று ஒரு சத்தம். நான் கேட்டேன். அவளுக்கு அதைவிட நன்றாகக் கேட்டிருக்கும். உச்சிக்குப் போனதும் கயிற்றை இடப்பக்கத்துக் கொம்பில் சுற்றிக் கட்டினார்கள். கொம்பு இம்மியும் அசையவில்லை. கால்மணி நேரத்தில் ஊசியைச் செருகி, கம்பி கோத்து முறுக்கி, கப்பியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது, எறக்குங்க" என்று கத்தினாள்.

யாரும் இறக்கவில்லை. கயிறு பிடித்த இரண்டு பேரையும் ஷாமியானாவில் நாற்காலி தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். விருந்தாளிகள் துறைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பாய்மரத்து உச்சியில் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பொம்பளை தொங்குவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. யோகராஜுக்கு அது பெருமையாகவும் இருந்தது போல. "ஏம்மா, கையக் காட்டு" என்றார். அவள் காட்டவில்லை. "காட்டுட்டி!" என்று ஆறுமுகசாமி சத்தம் போட்டார். அவள் ஒரு கையைக் கம்பத்திலிருந்து எடுத்து ஆட்டினாள். கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். ஒருவர் படகின் ஓரத்தில் ஏறி நின்று ஆட்டினார். கீழே ஒரு சாண் ஆடினால் மேலே அது நாலடி.

வெயில் ஏறிவிட்டது. அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும். "பாய், எறக்கச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "இப்ப வந்துருவாக, இரு" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. அவள் சேலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மேல்தளத்தில் விழுந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒருவர், "மழ வருதுடே, ஒதுங்குங்க" என்றார். பெண்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் இறக்க ஆள் வந்தது. பாதி இறங்கியபோது கயிறு சிக்கியது. அவர்கள் வெடுக்கென்று மேலும் கீழும் இழுத்தார்கள். "இழுக்காதீங்க, அறுந்துரும், இழுக்காதீங்க" என்று அவள் கத்திக்கொண்டே இருக்கும்போது கயிறு அறுந்தது. பதினைந்து அடி. படகின் கூரை விளிம்பில் இடுப்பு அடித்து, மேல்தளத்தில் வலது கையை ஊன்றி விழுந்தாள்.

அவளுக்கு நினைவு தப்பவில்லை. அதைத்தான் நான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டேன். தப்பியிருந்தால் அடுத்து நடந்ததை அவள் கேட்டிருக்கவேண்டாம். படகுக்காரர் அறுந்த கயிற்று முனையை எடுத்துப் பார்த்தார். கம்பத்தின் அடியில் படுத்து, அங்கிருந்த துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வலது பக்கம் நாலும் வெட்டி அழகா அரம் போட்டிருக்கு. இடது பக்கம் நாலும் அப்படியே நிக்கி."

"பாத்தீயளா" என்றார் ஆறுமுகசாமி, மூச்சுக்கூட விடாமல். "வெட்டணும்னு தெரிஞ்சிருக்கு. பாதியில சோறு திங்க எந்திரிச்சுப் போயிட்டு, எல்லாம் முடிச்சுட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கா."

ஒன்றையும் வெட்டாமல் விட்டிருந்தால் பட்டறைக்காரனுக்குத் தெரியவில்லை என்று போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் வெட்டிய நாலு ஸ்க்ரூதான் அவள் தலையில் குற்றத்தைச் சுமத்தியது. அவள் கீழே கிடந்தபடி யோகராஜைப் பார்த்தாள். அவர் விருந்தாளிகளைத் துறையிலிருந்து ஷாமியானாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து ஒரு ஏட்டு பட்டறைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரிடமும் எழுதி வாங்கினார். என்னையும் கூப்பிட்டார்கள். ஆறுமுகசாமி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீரு பக்கத்துல நின்னீராமே. ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பொம்பள ஏதாவது சொன்னாளா?"

எனக்குப் பின்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் கடை திறந்து கிடந்தது.

"எனக்குக் கேக்கல, சார். நான் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்குப் போய் ஷம்சாத்திடம் சொன்னேன். என் வீட்டுக்காரி அவள். சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் கேட்டாள், "ஒங்களுக்குக் கேட்டுச்சுதான?"

"கேட்டுச்சு."

அடுத்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் அவளே பஸ் ஏறி வெயிலு கிடந்த ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். என்னை வரச் சொல்லவில்லை.

இடுப்பு எலும்பு கோணலாகக் கூடியது. வலது மணிக்கட்டு திரும்பாமல் போனது. அதைவிட மோசமானது வீட்டில் காத்திருந்தது. ஆறுமுகசாமி கண்ணுசாமியைக் கூப்பிட்டு, பட்டறையில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். தன் மனைவி கவனக்குறைவாக வேலை செய்ததாலேயே விழுந்தாள், முதலாளி மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று. கண்ணுசாமி போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவர வந்தபோது புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தான். ஆட்டோவில் வரும்போது அவளாகக் கேட்டிருக்கிறாள்.

"நான் சோறு திங்கப் போயிட்டேன்னு எழுதியிருக்காம்லா? நீரு படிச்சுப் பாத்தீரா?"

"படிச்சா மட்டும் ஒன் காலு நேராயிருமா? ஒரு வேலையாவது கெடச்சுதே, அதப் பாரு."

இதை அவள் ஷம்சாத்திடம் சொல்லி, ஷம்சாத் என்னிடம் சொன்னாள்.

ஆடி மாதம் ஒருநாள் கம்பு ஊன்றிக்கொண்டு அவள் பட்டறைக்கு வந்தாள். நான் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய மிஷினில் வேறு ஆள் நின்றான். உள்ளே வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் ஆறுமுகசாமியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே போய் நின்று, ரோட்டில் எனக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஸ்க்ரூவ வெட்டக்கூடாதுன்னு சொன்னது யாரு? பிளேட ஒடிச்சது யாரு? இவிய முன்னால சொல்லுங்க."

ஆறுமுகசாமி கோபப்படவில்லை. வியாபாரிகளைப் பார்த்து, "பாவம், விழுந்ததுல இருந்து இப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, "கண்ணுசாமி, வெயில்ல நிக்காம ஆத்தாளக் கூட்டிட்டுப் போ" என்றார்.

கண்ணுசாமி வந்து அவள் கையைப் பிடித்தான். கோணிப்போன வலது கை. அவள் வரமாட்டேன் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் விரலாகப் பிரித்தான். பிரித்து, இழுத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே விட்டு, கேட்டைச் சாத்தினான். கம்பு உள்ளேயே கிடந்தது. பிறகு அதையும் கேட்டுக்கு மேலாக எறிந்தான். அவள் அதைக் குனிந்து எடுக்க முடியாமல் நின்றாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். "வேண்டாம்" என்றாள். ரோட்டில் போன யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அவரிடம் வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே பசுவந்தனைக்குப் போய்விட்டாள். அங்கே அண்ணன் வீட்டை ஒட்டி ஓர் ஓலைச் சாய்ப்பு, ஏழெட்டு ஆடு. அவள் நடைக்கு ஆடுகள் நிற்காது. பருத்திக் காட்டுக்குள் போய் மேய்ந்துவிடும், காட்டுக்காரர்கள் வந்து ஏசிவிட்டுப் போவார்கள். கண்ணுசாமி எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கப் போகவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஆறுமுகசாமி பட்டறையை விற்றார். வாங்கியவர்கள் கண்ணுசாமியை வைத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதியில் அவனுக்கு ஒரு கண் போய், காலில் ஆறாத புண். ஒரு மஞ்சள் பையோடு பசுவந்தனை பஸ் ஏறினான். போனவனை அவள் வாசலுக்குள் விடவில்லை. அவன் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் போய் உட்கார்ந்தான். மூன்று நாள். காலையிலும் சாயந்திரமும் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். "வெயிலு, ஒரு வாய் தண்ணி" என்று அவன் கேட்டதைக் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் ஆட்டை அதட்டிக்கொண்டே போயிருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி ஒரு சொம்பு கொண்டுபோனபோது, அதைத் தட்டிவிட்டாளாம். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது.

எனக்குத் தகவல் வந்தது. டி.வி.எஸ்-ஐ எடுத்துக்கொண்டு போனேன். நான் சொன்னால் கேட்பாள் என்று எதனால் நினைத்தேனோ தெரியவில்லை. ஓடைக்கரையில் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அவன் செத்துப்போவான், வெயிலு. கட்டுன புருஷன்லா. ஊரு ஒன்னத்தான் சொல்லுது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கல, பாய்" என்றாள்.

நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டாள். பக்கத்தில் அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. எனக்குத் தாகம். குடியுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் தொடவில்லை.

நாலாம் நாள் கண்ணுசாமியை அவன் தங்கச்சி மகன் வந்து ஓட்டப்பிடாரத்துக்கு ஏற்றிப்போனான். பத்து நாளில் செத்துப்போனான். துட்டிக்கு, சாவுச் சேதி சொல்ல வந்தவரை வெயிலு வாசலிலேயே நிறுத்தி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு பட்டியின் படலைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டாள். மறுநாள் சுடுகாட்டில் நடந்த காடேற்றுச் சடங்குக்கும் போகவில்லை. தாலியைக் கழற்ற அண்ணன் பெண்டாட்டி வந்தபோது, அது கழுத்தில் இல்லை. எப்போது கழற்றினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். ஷம்சாத் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். திரும்பி வந்ததும் அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பேன். "இருக்கா" என்பாள் ஷம்சாத்.